ஜெபத்தில் மூன்று பெயர்... பத்திரத்தில் இரண்டு பெயர்!

தினமும் மாலை ஒன்றாக உட்கார்ந்து ஜெபிக்கும் வீடுகளில், சொத்துப் பேச்சு வரும்போது மட்டும் மகள் ஏன் வெளியே நிற்கிறாள்? கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்றாட விசுவாசம் சோதிக்கப்படும் ஓர் இடம் இது.

மாலை மணி ஏழு. டிவி அணைகிறது. கூடத்தில் பாய் விரிக்கப்படுகிறது. பள்ளிக்கூடப் பையை ஓரமாகத் தள்ளிவிட்டு பேரன் வந்து உட்காருகிறான். மருமகள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வருகிறார். துபாயில் இருக்கும் இளைய மகனுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போகிறது. ஸ்டூல் மீது தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைக்கப்பட்ட போனில் அவர் முகம் தெரிகிறது.

ஒரு கீர்த்தனை, ஒரு வேத வாசிப்பு. பிறகு அம்மா முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பிக்கிறார். மூத்த மகன் பெயர், அவன் மனைவி பிள்ளைகள் பெயர். அடுத்து இளையவன் பெயர், அவன் வேலை, விசா. கடைசியில் தென்காசியில் கட்டிக்கொடுத்த மகள் பெயர். அந்தப் பெயர் வரும்போது குரல் கொஞ்சம் தடுமாறுகிறது.

தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். பேச்சுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் பெயரில் வீடும் நிலமும் சேர்த்து 90 சென்ட். உயில் எழுதவில்லை. அடுத்த மாதம் இளையவன் ஊருக்கு வரும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று அண்ணன் தம்பி பேசி வைத்திருக்கிறார்கள். அதற்கு அக்காள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். “அவளுக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே” என்பது அவர்கள் கணக்கு.

அக்காள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. போன கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

ஜெபத்தில் மூன்று பெயர். தயாராகிக்கொண்டிருக்கும் பத்திரத்தில் இரண்டு பெயர். கிறிஸ்தவ விசுவாசம் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முடிந்துவிடுகிறதா, திங்கட்கிழமை பத்திர ஆபீஸ் வரை கூட வருகிறதா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

பாயில் தொடங்கும் பாடம்

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் குடும்ப ஜெபம் என்பது வெறும் சடங்கு அல்ல. சி.எஸ்.ஐ. வீடுகளில் பாடல், வேத வாசிப்பு, ஜெபம் என்று போகும். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை. கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ‘அன்பியம்’ என்ற குழுவாகச் சேர்ந்து, வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் பழக்கமும் உண்டு. ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் “ஸ்தோத்திரம் தாத்தா, ஸ்தோத்திரம் ஆச்சி” என்று கைகூப்பும் வழக்கம் தென்மாவட்டத்தின் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு புத்தகத்தின் கதை இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1715-ல் அது அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுதான். குருமார் கையில் மட்டும் இருந்த வேதம் மெல்ல மெல்ல வீட்டு அலமாரிக்கு வந்தது. அதை வாசிப்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774 - 1864) கீர்த்தனைகள் நம் ராகத்தில் பாட்டுகளைத் தந்தன. ஆலயத்தில் நடந்தது கூடத்துக்கு வந்தது.

கூடத்துக்கு வந்ததில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஆலயத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு நம்மைப் பற்றி அதிகம் தெரியாது. வீட்டில் அப்படி இல்லை. காலையில் யார் யாரைத் திட்டினார்கள், யார் யாரோடு பேசவில்லை, யார் பணத்தை ஒளித்து வைத்தார்கள் என்று பாயில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் பிள்ளைகள் கண்ணைத் திறந்து சரிபார்ப்பார்கள்.

உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி

குடும்ப ஜெபத்தைப் போலவே வீட்டுக்குள் வேரூன்றிய இன்னொரு பழக்கம், கைப்பிடி அரிசி. சோறு வைக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். வாரக் கடைசியிலோ மாதக் கடைசியிலோ அது ஆலயத்துக்குப் போகும். விற்ற பணம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும்.

இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ்.அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் பணியாற்றிய இடம் இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல். அங்கே திருச்சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். ‘இவர்களிடம் என்ன இருக்கிறது கொடுக்க?’ என்று கேட்கத் தோன்றும். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் தினம் சமைக்கும்போது ஒரு கைப்பிடி தானியத்தை எடுத்து வைத்தார்கள்.

வடகிழக்கில் மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ல் இதே பழக்கத்தை ஆரம்பித்தார்கள். நூறு வருடம் கடந்தும் அது தொடர்கிறது. கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ந்து இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் பணம் திரள்கிறது. கைப்பிடி அரிசி ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமான வழக்கமும் அல்ல. காஞ்சிப் பெரியவர் சொன்ன ‘பிடி அரிசித் திட்டம்’ தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும்.

இந்தப் பழக்கத்தின் அழகு, அது மிச்சத்தில் இருந்து எடுப்பது அல்ல என்பதுதான். சாப்பிட்டு மீந்ததைக் கொடுப்பது எளிது. உலையில் போடும் முன்பே எடுத்து வைப்பது வேறு. ‘இது முழுக்க எனக்கு மட்டும் உரியது இல்லை’ என்று ஒரு நாளைக்கு ஒரு முறையாவது கை ஞாபகப்படுத்துகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அரிசியை எடுத்து வைத்தது பெண்கள். ஜெபத்துக்குப் பாய் விரித்ததும் பெரும்பாலும் பெண்கள். குடும்பத்தின் விசுவாசத்தைத் தினம் தினம் சுமந்தவர்கள் அவர்கள். ஆனால், அதே குடும்பத்தின் நிலம் என்று வரும்போது அவர்கள் பெயர் காணாமல் போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கிறிஸ்தவர்களின் வாரிசுரிமைக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால், அவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லாமல் சமமாகப் பிரியும்.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 90 சென்ட்டில் அம்மாவுக்கு 30. மீதி 60-ல் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 20. அக்காள் யாருடைய தயவிலும் கேட்கவில்லை. அப்பா கண் மூடிய நாளிலேயே அந்த உரிமை அவருக்கு வந்துவிட்டது. அம்மாவின் பங்கும் அப்படித்தான். ‘அம்மா நம்மகூடத்தானே இருக்காங்க, அவங்களுக்கு எதுக்குத் தனியா?’ என்று சொல்லி அதையும் சேர்த்துப் பிரித்துவிடும் வீடுகள் உண்டு.

‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே’ என்ற வாதம்? அதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. இறந்தவர் தன் வாழ்நாளில் பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ பொருளையோ, உயில் இல்லாத சொத்தின் பங்கைக் கணக்கிடும்போது கழிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 49-வது பிரிவு. மகளுக்குப் போட்ட நகைக்கும், மகனின் இன்ஜினீயரிங் படிப்புக்குக் கட்டிய பணத்துக்கும் சட்டம் ஒரே பதிலைத்தான் சொல்கிறது. அதோடு, வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம். குற்றமாகக் கொடுத்த ஒன்றை, உரிமையைப் பறிக்கக் காரணமாகக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

இந்த உரிமை எல்லா இடத்திலும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. அன்றைய திருவிதாங்கூரில் 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகனுக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. அந்த மன்னராட்சியின் எல்லைக்குள்தான் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது இருந்தது.

அதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய். கோட்டயத்தில் பள்ளி நடத்தியவர், எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா. கணவரைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு ஊட்டியில் தன் அப்பாவின் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கிருந்து வெளியேறும்படி சொந்த வீட்டாரிடமிருந்தே நெருக்கடி வந்தது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் 1925-ம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும் என்றது. தீர்ப்பை எதிர்த்துத் திருச்சபைகளுக்குள்ளேயே குரல்கள் எழுந்தன. தன் பங்கைக் கையில் வாங்க அவருக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2022-ல் அவர் காலமானார்.

இது கிறிஸ்தவ வீடுகளின் பிரச்னை மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1989-ல்தான் சட்டமானது. நாடு முழுவதும் வர 2005 ஆனது. சட்டம் வந்த பிறகும் ‘அண்ணன் தம்பிகிட்ட போய் பங்கு கேட்பாளா?’ என்ற பேச்சு எந்த மதத்து வீட்டிலும் ஓயவில்லை.

சட்டம் நிற்கும் இடம்

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிறிஸ்தவச் சட்டத்தில் பிறப்பால் வரும் பூர்வீக உரிமை கிடையாது. அப்பா உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதி, முழுச் சொத்தையும் மகன்களுக்கு மட்டும் கொடுக்கலாம். சட்டம் தடுக்காது. மகள் தானாக விரும்பி விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தாலும் செல்லும்.

அதாவது, சட்டம் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. ‘செய்யலாமா?’ என்ற கேள்விக்கு வக்கீல் பதில் சொல்வார். ‘செய்வது சரியா?’ என்ற கேள்வியை, தினம் ஏழு மணிக்கு விரிக்கும் பாயில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

அந்தப் பாயில் வாசிக்கப்படும் வேதாகமத்திலேயே இதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. யோபுவின் கதையைப் பாடுகளுக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பகுதியைப் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். எல்லாம் இழந்து மீண்ட பிறகு யோபுவுக்கு ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறக்கிறார்கள். மகன்களின் பெயர் அங்கே சொல்லப்படவில்லை. எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று மகள்களின் பெயர் மட்டும் வருகிறது. சகோதரர்களோடு சேர்த்து அவர்களுக்கும் அப்பா சொத்தில் பங்கு கொடுத்தார் என்று முடிகிறது அந்தப் பகுதி. துன்பம் என்றால் என்ன என்று அனுபவித்த ஒரு தகப்பன் செய்த பாகப்பிரிவினை அது.

எண்ணாகமத்தில் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் வருகிறார்கள். ஆண் பிள்ளை இல்லாத தங்கள் அப்பாவின் பெயர் அழிந்துபோக வேண்டுமா என்று மோசேயின் முன்னால், சபை முழுக்கப் பார்க்க நின்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே பதில் வருகிறது. அவர்களுக்கு அண்ணன் தம்பி இல்லை என்பது உண்மைதான். ஆனால், பங்கு கேட்டது பேராசை என்று யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை.

சுவிசேஷத்தில் இன்னொரு காட்சி. ‘சொத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லுங்கள்’ என்று கூட்டத்தில் ஒருவன் இயேசுவிடம் கேட்கிறான். பங்கு பிரிக்கும் நடுவராக இருக்க அவர் மறுக்கிறார். அதற்குப் பதிலாகப் பொருளாசையைப் பற்றி எச்சரிக்கிறார். இந்தப் பகுதியைப் பங்கு கேட்கும் மகளைப் பார்த்து வாசிக்கும் வீடுகள் உண்டு. அடுத்தவர் பங்கையும் சேர்த்துக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்து வாசித்தால்தான் அந்த எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும்.

கை கொடுக்கும் நேரம்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950 முதல் பயன்படுத்திய திருவிருந்து ஆராதனை முறையில் ஓர் அழகான வழக்கத்தைச் சேர்த்தது. அப்பமும் ரசமும் பெறும் முன், சபையார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்ல வேண்டும். ஒருவரின் வலது உள்ளங்கையில் மற்றவரின் வலது உள்ளங்கை. இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து வந்தது இது. கத்தோலிக்கத் திருப்பலியில் நம் ஊரில் கைகூப்பி வணங்கிச் சமாதானம் பரிமாறுவார்கள்.

இதன் வேர் இயேசுவின் மலைப் பிரசங்கத்தில் இருக்கிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன் மேல் ஒரு குறை இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் அவர். கவனியுங்கள், ‘உனக்கு யார் மேல் குறை?’ என்று அவர் கேட்கவில்லை. ‘உன் மேல் யாருக்குக் குறை?’ என்று கேட்கிறார். போக வேண்டியவர் பாதிக்கப்பட்டவர் அல்ல.

நம் வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. “நீ விட்டுக்கொடுத்துப் போ”, “குடும்பச் சமாதானத்தைக் கெடுக்காதே”, “ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகும்” என்று மகளுக்குத்தான் புத்தி சொல்லப்படுகிறது. கையெழுத்துப் போட்டால் அவள் நல்ல விசுவாசி. போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம். மனசில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்து சிரித்துப் பேசும் அக்காமார் எத்தனை பேர்? அந்த அமைதியைச் சமாதானம் என்று சொல்ல முடியுமா?

பத்திரத்துக்கு முன் பேசலாம்

எல்லா வீட்டிலும் 20 சென்ட்டைக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கு வீடு, மகளுக்கு அதற்கு ஈடான பணம் என்று பேசி முடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வசதியாக இருக்கும் அக்காள், கஷ்டப்படும் தம்பிக்கு மனதார விட்டுக்கொடுப்பதும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனைதான். அவளிடம் கேட்டிருக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அவளுக்கு இடம் இருந்திருக்க வேண்டும்.

இதற்குச் சில எளிய வழிகள் உதவும். அப்பா, அம்மா உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசி உயில் எழுதலாம். இறந்த பிறகு பிரிப்பதாக இருந்தால், யாருக்கு எவ்வளவு பங்கு வருகிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டலாம். விடுதலைப் பத்திரத்தைக் கையெழுத்துப் போடும் நாளில்தான் மகள் முதன்முதலில் பார்க்கிறாள் என்ற நிலை வேண்டாம். முன்கூட்டியே அவள் கையில் கொடுத்து, வேண்டுமானால் அவளுக்கு நம்பிக்கையான வக்கீலிடம் காட்டச் சொல்லலாம். அம்மாவின் மூன்றில் ஒரு பங்கை அம்மாவின் பெயரிலேயே விட்டுவைக்கலாம். வயதான காலத்தில் அது அவருக்குப் பலம்.

ஞாயிறு காலை

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். சனிக்கிழமை ராத்திரி. நாளை திருவிருந்து ஆராதனை. ஜெபம் முடிந்து போனில் இளையவன் முகம் மறையும் முன், அம்மா “கொஞ்சம் இருய்யா” என்கிறார். மூத்தவனையும் உட்காரச் சொல்கிறார்.

“அவ பேரைச் சொல்லித்தான் தினமும் ஜெபிக்கேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்காம நீங்க பத்திரம் எழுதுனா, நாளைக்கு நான் எப்படிப் போய் கையை நீட்டி அப்பம் வாங்குவேன்?”

மூத்தவன் பதில் சொல்லவில்லை. மருமகள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறார். போனில் இளையவன்தான் முதலில் பேசுகிறான். “நான் லீவுல வர்றப்ப அக்காவையும் வரச் சொல்லுங்க. அத்தானும் வரட்டும். உட்கார்ந்து பேசுவோம்.”

காலையில் அம்மா கைப்பிடி அரிசியைப் பையில் கட்டி வைக்கிறார். ஆலய மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. போனை எடுத்துத் தென்காசிக்குப் போடுகிறார்.

“ஏட்டி, அம்மா பேசுதேன். தம்பி அடுத்த மாசம் வாரான். நீயும் வா. கையெழுத்துப் போட இல்ல. உன் மனசுல என்ன இருக்குன்னு கேக்கணும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மகள் கேட்கிறாள், “பிள்ளைகளையும் கூட்டிட்டு வரட்டாம்மா?”